வாடைக்கு அப்பால் உள்ளவர்கள்

நவம்பர் 21

தூக்கம் வரவில்லை என்று மருந்து கேட்டுப் போனேன். டொக்டர் மருந்து தரவில்லை. அன்றன்று நடந்ததை எழுதிப் பார், என்ன சமைத்தாய், எங்கே போனாய், அவ்வளவும் போதும் என்றார். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எந்த மொழியானாலும் பரவாயில்லையாம், தான் வாசிக்கப் போவதில்லையாம். அவர் மட்டுமா? இதை விரித்துக் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தாலும் இந்த ஹெல்னெஸ்ஸில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

முன்பு அப்படி இல்லை. மீன் தொழிற்சாலை ஓடிய காலத்தில் நோர்வேயின் இந்த வடகோடியில் ஒரு தெரு நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பொங்கலுக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தையே எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். தொழிற்சாலை மூடியதும் ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போனது. கடைசியில் நாங்கள் இருவரும். என் கணவர் கிளெமென்ற் இந்த வருசத் தொடக்கத்திலிருந்து முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஒஸ்லோவில் நிற்பதால் இப்போது நான்.

இனி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் வராது. மதியத்தில் தெற்கே கொஞ்சம் நீலம் தெரியும். பிறகு இருட்டு.

சோறு, கொட் மீன் குழம்பு. வேலை முடிந்து நடக்கப் போனேன்.

நவம்பர் 24

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பொறுப்புத் தாதி தூருன் என்னைக் கூப்பிட்டு, "பிலோ, நீ கத்தோலிக்கம் தானே? வந்து பார், இவர் உங்கட பாதிரியாராம். பக்கவாதம் வந்த பிறகு நோர்வேஜிய மொழி முழுக்கப் போயிட்டுது. என்ன கதைக்கிறார் எண்டு எங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்றாள்.

பார்த்த உடனேயே தெரிந்தது. லம்பேர்த்துச் சுவாமி. ஒல்லாந்துக்காரர். நாங்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில் மாதம் ஒரு முறை நகரத்திலிருந்து பனிக்குள்ளே கார் ஓட்டி வந்து எங்களுக்குப் பூசை வைத்தவர். அப்போது வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். இப்போது பாதி ஆளாக இருக்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை.

அவர் கதைப்பது இலத்தீன். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் காது அறியும். எங்கள் ஊரான பாசையூரில் என் ஐயா கோயில் சங்கிலித்தாமாக இருந்தவர். மணியடித்து, மெழுகுதிரி கொளுத்தி, பூசைக்கு உதவி செய்வது அவர் வேலை. பழைய இலத்தீன் செபங்களை வீட்டிலும் பாடிக்கொண்டே வலை பொத்துவார். அர்த்தம் அவருக்கும் தெரியாது.

"இது இலத்தீன்" என்றேன். தூருன் தலையில் கை வைத்தாள்.

அவருடைய அறை துறைமுகப் பக்கம். கதிரையை யன்னலோரம் போடும்படி இடது கையைக் காட்டினார். போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 27

சுவாமிக்குச் சாப்பாடு கொடுப்பது இப்போது என் வேலையாகிவிட்டது. மற்றவர்கள் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார். ரொட்டியில், எங்கள் பாணில், ஒரு துண்டை எடுத்து நீட்டியபோது "பாணிஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம் சுவாமி, பாண்தான்" என்றேன். அவரும் சிரித்தார், ஒரு பக்க வாயால். இந்தக் கட்டிடத்தில் நான் தமிழில் ஒரு சொல் சொல்லி அது இன்னொருவருக்கு விளங்கியது இதுதான் முதல் தடவை.

பிறகு என்னையே உற்றுப் பார்த்து ஒரு நீளமான சொல் சொன்னார். ஹிப்பெர்போரெயா. இரண்டு முறை சொன்னார். ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து மருந்து அலமாரியில் தேடினேன். இல்லை.

நவம்பர் 28

காற்று. வேலை. கிளெமென்ற் தொலைபேசியை எடுக்கவில்லை. பயிற்சிக்குப் போயிருப்பார்.

டிசம்பர் 1

அந்தச் சொல்லைக் கைத்தொலைபேசியில் ஒருவாறு எழுதித் தேடிப் பிடித்துவிட்டேன். மருந்தல்ல, ஆட்கள். கிரேக்கரிடமிருந்து இலத்தீனுக்கு வந்த சொல்லாம். ஹிப்பெர்போரெயி என்றால் அந்தச் சனம் முழுவதும். ஒரு ஆண் ஹிப்பெர்போரெயுஸ். ஒரு பெண் ஹிப்பெர்போரெயா. போரெயாஸ் என்பது வடக்கிலிருந்து வீசும் காற்று, ஹிப்பெர் என்றால் அப்பால். அதாவது வாடைக்கு அப்பால் இருப்பவர்கள்.

வாடை புறப்படும் இடத்தையும் தாண்டி உலகத்தின் வட அந்தத்தில் அப்படி ஒரு சனம் இருப்பதாகப் பழைய ரோமர் எழுதி வைத்திருக்கிறார்களாம். அங்கே நோய் இல்லை, சண்டை இல்லை, கவலை இல்லை. காட்டிலும் தோப்பிலும் குடியிருந்து பாடிக்கொண்டே இருப்பார்களாம். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதியது.

வாடை எங்கள் சொல். கார்த்திகை கழிந்து வாடை விழுந்தால் ஐயா கடலைப் பார்த்தபடி கரையில் குந்தியிருப்பார், வள்ளம் இறக்க மாட்டார். கொழும்பில் நாங்கள் வடக்கு ஆட்கள். இங்கே வந்தால் ஒஸ்லோக்காரர் எங்களையும் வடக்கார் என்கிறார்கள். எங்கே போனாலும் வடக்குத்தான். சுவாமி என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டது பிழையில்லை. நோய் இல்லை, கவலை இல்லை என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

மகள் ஜொய்லினுக்கு இதைச் சொல்ல ஆசையாக இருந்தது. அழைத்தேன். அவள் நத்தாருக்கு ஒஸ்லோ வரச் சொன்னாள்.

"அப்பாவும் வருவாரோ?" என்று கேட்டேன்.

"அம்மா, என்ர வீட்டுக்கு நீங்கள் வாங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் இருப்பம்."

"அப்பாவின்ர முழங்கால் எப்பிடி?"

அவள் எங்கேயோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லாத்தான் நடக்கிறார் அம்மா" என்றாள். விமானச் சீட்டு அனுப்புவதாகச் சொன்னாள்.

டிசம்பர் 4

யன்னலோரப் பூச்செடிகள் ஆறையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். இருட்டில் அவை வாடுகின்றன. அவர்களிடம் நல்ல விளக்கு இருக்கிறது.

வேலை முடிய அலைதடுப்பில் நடந்தேன். துறைமுகத்திலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசை அது. நுனியில் ஒரு விளக்கு. அங்கே நின்றால் தொலைபேசி நன்றாக எடுக்கும்.

டிசம்பர் 8

மாதாவின் திருநாள். இங்கே அது ஒரு சாதாரண நாள். சுவாமியின் கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன மெழுகுதிரி கொளுத்தினேன். தீ அறிவிப்பான் அலறும் என்று தூருன் ஓடி வந்தாள். அணைத்துவிட்டு மின்கலத்தில் எரியும் மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நல்லவள். மாதாவுக்கு மின்கலம்.

கிளெமென்ற் எடுக்கவில்லை.

டிசம்பர் 11

இன்று கஞ்சி கொடுக்கும்போது சுவாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் இன்னும் பலம் இருக்கிறது. யன்னலைக் காட்டி என்னவோ வேகமாகச் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது "மாரே" ஒன்றுதான். கடல். அது ஐயாவின் பாட்டில் வரும் சொல், மாதாவைக் கடலின் நட்சத்திரம் என்று சொல்லும் இடம். சுவாமிக்குக் கடலுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. "குளிர் சுவாமி, பிறகு போகலாம்" என்றேன். தலையைப் பலமாக ஆட்டினார். கோபம் வந்துவிட்டது. கோப்பையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வாடைக்கு அப்பாலுள்ளவர்களைப் பற்றி மிச்சத்தையும் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. அந்தச் சனத்துக்குச் சாவு தானாக வராதாம். வாழ்ந்தது போதும் என்று தோன்றினால் நல்ல விருந்து சாப்பிட்டு, தலையில் பூமாலை சூடிக்கொண்டு, ஒரு பாறையின் மேல் ஏறிக் கடலில் குதித்துவிடுவார்களாம். அதுதான் மிகச் சிறந்த அடக்கம் என்று எழுதியிருக்கிறது. கவலையே இல்லாத சனம் ஏன் குதிக்கிறது என்று எழுதியவர் கேட்கவில்லை.

இப்போது விளங்குகிறது. சுவாமி கடலைக் கேட்பது இதற்குத்தான். ஒரு குருவானவர் இப்படி நினைக்கலாமா? தூருனிடம் சொன்னால் யன்னலுக்குப் பூட்டுப் போடுவார்கள். அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த யன்னல் மட்டும்தான். சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 13

பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு, தலையில் விளக்கு வைத்துக்கொண்டு வந்து பாடினார்கள். லூசியா திருநாள். சுவாமி பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போன பிறகு, "ஹிப்பெர்போரெயா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "நோலி" என்றார். பிறகு "மாரே" என்றார், கடல். திரும்பத் திரும்ப. நோலி, நோலி. அவருடைய கண்ணில் நீர் நின்றது.

யாரோ நோலி என்ற பெண் அவருடைய வாழ்க்கையில் இருந்திருக்கலாம். தங்கையாக்கும். கடலில் போயிருக்கலாம்.

டிசம்பர் 16

சுவாமி சாப்பிடவில்லை. நான் கொடுத்தும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 17

தூருன் என்னைத் தேநீர் அறையில் இருத்தி வைத்துக் கேட்டாள்.

"அவர் எந்த நேரமும் யன்னலையே காட்டுறார். கடல் பாக்க ஆசையெண்டால் சக்கர நாற்காலியில கொண்டு போய்க் காட்டன். நல்லா மூடிக் கட்டிக்கொண்டு போனால் பத்து நிமிசம் தாங்குவார்."

"ஏலாது. பனி வழுக்குது. அந்தக் கல்லில நாற்காலி போகாது."

"நீ மட்டும் ஒவ்வொரு நாளும் போறாய்?"

நான் கோப்பையைக் கழுவ எழுந்தேன்.

"பிலோ, துறைமுகத்தில என்ர தம்பி வேலை செய்யிறான். நீ விளக்குக்குக் கீழ கன நேரம் நிக்கிறியாம். இந்தக் குளிரில."

"அங்க தொலைபேசி நல்லா எடுக்கும்."

"உன்ர வீட்டில எடுக்காதோ?"

எடுக்கும்தான். ஆனால் அவளிடம் எதற்கு இதையெல்லாம். என் ஆணி வைத்த சப்பாத்து நல்ல சப்பாத்து, வழுக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 19

கிளெமென்ற் அழைத்தார். அவராகவே அழைத்தார். முழங்கால் நன்றாகிவிட்டதாம். ஒஸ்லோவிலேயே வேலை எடுத்துவிட்டாராம். வேறு சில விசயங்களும் கதைத்தார்.

பிறகு கழிவறையைக் கழுவினேன். அவருடைய குளிர்காலச் சப்பாத்துகளையும் தொப்பியையும் பெட்டியில் போட்டு வாசலில் வைத்தேன். மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 20

சுவாமி இன்றும் ஒன்றும் சாப்பிடவில்லை. குழாயில் உணவு கொடுப்பதா என்று பேசுகிறார்கள். அவர் என்ன கேட்கிறார் என்று யாராவது ஒருவருக்காவது விளங்க வேண்டும் என்று தோன்றியது. நகரத்துக் கோயிலில் யாக்குப் சுவாமி என்று போலந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். இளம் ஆள், ஆனால் இலத்தீன் படித்தவர். லம்பேர்த்துச் சுவாமி பேசியதைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, வந்து பாவசங்கீர்த்தனம் கேளுங்கள் என்றும் எழுதினேன்.

நத்தார் நெருக்கம். சுவாமிமாருக்கு எங்கே நேரம்.

டிசம்பர் 22

புயல் காரணமாக விமானம் இல்லை என்று ஜொய்லினுக்குச் செய்தி அனுப்பினேன்.

அழைத்துக் கத்தினாள். "அம்மா, நான் வலைத்தளத்தில பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். விமானம் வந்திட்டு. நீங்கள்தான் ஏறேல்லை."

"இஞ்ச காத்து அடிக்குது பிள்ளை."

"என்னம்மா நடக்குது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை. உனக்கு மீன்முட்டை பொரிச்சு அனுப்பேல்லை எண்டுதான் கவலை."

அவள் அழுதாள். அழாதே என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். நல்ல பிள்ளை. தனியாக எல்லாம் சமாளிப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

டிசம்பர் 23

குளிர்பெட்டி துடைத்தாயிற்று. உறைபெட்டியில் இருந்த மீனை எல்லாம் தூருனுக்குக் கொடுத்தேன். வீட்டுச் சாவியில் ஜொய்லினின் பெயரை எழுதிக் கட்டினேன். வீடு இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

டிசம்பர் 25

நேற்றையதை இன்று எழுதுகிறேன். தூருனின் வீட்டில், அவளுடைய மகளின் பழைய அறையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று எனக்குக் காலை வேலை. இல்லத்தில் நத்தார்ப் பாற்சோறு. அதற்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள், அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்குப் பரிசு. சுவாமியின் கோப்பையில்தான் போட வேண்டும் என்று சமையலறையில் இரகசியமாகப் பேசி முடிவு செய்திருந்தார்கள், அப்படியாவது சாப்பிடுவார் என்று. ஒரு கரண்டி எடுத்தார். பருப்பை வாயிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மடித்து மூடினார். விடவில்லை. நான் விரல் விரலாகக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். ஹிப்பெர்போரெயா, ஹிப்பெர்போரெயா என்று நடைவழி முழுக்கக் கேட்டது.

அலைதடுப்புக்குப் போனேன். மத்தியானம் கழிந்த நேரம்தான், ஆனால் இருட்டு. கடைகள் பூட்டியிருந்தன. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எல்லா யன்னலிலும் நட்சத்திர விளக்கு. தெருவில் ஒருவரும் இல்லை. நுனி வரை போனேன். வழமையாக விளக்குக் கம்பத்தடியில்தான் நிற்பேன். நேற்று அதைத் தாண்டிக் கீழே உள்ள கல்லில் இறங்கி நின்றேன்.

எதற்கு என்று எழுத மாட்டேன்.

தொலைபேசி அடித்தது. கிளெமென்றாக்கும் என்று எடுத்தேன். யாக்குப் சுவாமி. இந்த நாட்டு மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். ஆனால் சுவாமிமார் பேசினால் என் காது அதை நீங்கள் என்றே மாற்றிக் கேட்கிறது.

"பிலோமினா, மன்னிக்க வேணும். நாலு நாளா உங்கட பதிவைக் கேக்க நேரம் கிடைக்கேல்லை. இப்பதான் கேட்டன். அவர் கடலுக்குப் போகக் கேக்கேல்லை."

"அப்ப?"

"நோலி எண்டால் வேண்டாம், செய்யாதை எண்டு அர்த்தம். நோலி இரே ஆத் மாரே. கடலுக்குப் போகாதை. அவர் யாரோ ஒரு பொம்பிளைக்குச் சொல்லுறார். கடைசியில எங்களுக்கும் சொல்லுறார், அவளை மறியுங்கோ எண்டு. வாடைக்கு அங்கால உள்ள ஆக்கள் இப்பிடித்தான் போவினம் எண்டும் சொல்லுறார். அது எனக்கு முதல் விளங்கேல்லை. பிறகு பழைய கதை ஒண்டு ஞாபகம் வந்தது."

அலை கல்லில் அடித்தது.

"அவரின்ர யன்னலில இருந்து என்ன தெரியும், பிலோமினா?"

திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்துக்கு மேலே இல்லம். மேல்மாடியில் ஓரத்து யன்னல் மட்டும் திரை போடாமல் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கதிரை, ஒரு தலை. இவ்வளவு நாளும் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பொம்பிளை ஆர்?" என்று கேட்டார்.

நான் அந்த யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"கீழ" என்றேன். "கல்லில."

"சரி. தொலைபேசியை வைக்காதேயுங்கோ. எனக்கு அவசரம் ஒண்டும் இல்லை. முதல் மேல ஏறுங்கோ. ஏறிப்போட்டுச் சொல்லுங்கோ."

கல்லில் பனி உறைந்திருந்தது. கால் வழுக்கியது. ஒரு கையில் தொலைபேசி. மறு கையை விரித்துப் பிடிக்கப் போனபோதுதான் அந்தப் பருப்பு இன்னும் உள்ளங்கையில் இருப்பது தெரிந்தது. அது கடலில் விழுந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஏறினேன். விழுந்துவிடுவேனோ என்று அவ்வளவு பயம். அந்தப் பயம் எனக்கே அதிசயமாக இருந்தது.

"ஏறிட்டன் சுவாமி."

"நல்லது. இனி நடவுங்கோ. கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ."

என்ன கதைப்பது? பாசையூரில் நத்தாருக்குப் பலகாரம் சுடுவதைப் பற்றிக் கதைத்தேன். கொக்கிசு, பயத்தம் பணியாரம். கொக்கிசு எப்படிச் சுடுவது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மா எவ்வளவு, அச்சை எவ்வளவு நேரம் எண்ணெயில் காய வைப்பது என்று. அந்தப் பக்கம் கோயிலில் ஆட்கள் வந்து அவரைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. அவர் போகவில்லை. துறைமுக வாசலில் தூருன் வீட்டு உடுப்போடு, மேலே கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றாள். அவர் இல்லத்தில் இலக்கம் வாங்கி வேறு தொலைபேசியில் அவளை அழைத்திருக்கிறார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நான் நேராகச் சுவாமியின் அறைக்குப் போனேன். யன்னலோரம் குனிந்து அவர் பார்க்கும் உயரத்தில் பார்த்தேன். அலைதடுப்பு முழுவதும் தெரிந்தது. நுனி விளக்கு, அதன் கீழே வட்டமாக வெளிச்சம். ஒரு ஆள் நின்றால் தெரியாமல் போக வழியே இல்லை. பேச்சுப் போன மனிதர் ஒவ்வொரு நாளும் அங்கே இருந்து என்னைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்குத்தான் கடல் ஆசை என்று நினைத்துக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன்.

முழங்காலில் இருந்து அவருடைய மடியில் தலையை வைத்தேன். இடது கை வந்து தலையில் இருந்தது. அன்று பின்னேரம் அவர் பாற்சோறு சாப்பிட்டாராம். தூருன் சொன்னாள்.

டிசம்பர் 27

தூருன் என்னை டொக்டரிடம் கூட்டிப் போனாள். இந்த முறை நான் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கிழமைக்கு இரண்டு முறை மனநலம் பார்க்கும் ஒரு அம்மாவிடம் போய்க் கதைக்க வேண்டும். மருந்தும் தந்தார். ஜொய்லினுக்குச் சொல்லட்டுமா என்று தூருன் கேட்டாள். வேண்டாம், நானே சொல்வேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். அவள் அப்படித்தான், விடமாட்டாள்.

டிசம்பர் 30

தூருன் வீட்டில் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நான் சமைக்கிறேன் என்றேன். அவளுடைய தம்பி மூன்று தரம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கறி போட்டுக்கொண்டான்.

ஜனவரி 3

வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. சும்மா சுவாமியைப் பார்க்கப் போனேன். இலத்தீனும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சொல் வருகிறது, அடுத்தது வர நேரமாகிறது.

கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் இருந்து தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். கிளெமென்ற் அன்று தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொன்னேன். இங்கே எழுத முடியாததை அங்கே சொல்ல முடிந்தது. ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. ஆனால் இடையில் பார்வையைத் திருப்பவில்லை.

முடிந்ததும் "ஹிப்பெர்போரெயா" என்றார்.

"இல்லை சுவாமி. நான் பிலோமினா. பிலோமினா, பாசையூர்."

வாயை அசைத்து அசைத்துப் பார்த்தார். "பி-லோ-மி-னா" என்றார்.

"ஓம்" என்றேன்.

ஜனவரி 9

காலையில் சுவாமி இறந்துவிட்டார். தூக்கத்தில். தூருன் என்னைக் கூப்பிட்டாள், நானும் அவளும் சேர்ந்து கழுவி உடுப்பு மாற்றினோம். கதிரையை யன்னலோரத்தில் இருந்து எடுக்க வந்தார்கள். இன்றைக்கு மட்டும் இருக்கட்டும் என்றேன்.

ஜொய்லினை அழைத்தேன். "பிள்ளை, ஒருக்கா வாறியே?" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "நாளைக்கு வாறன்" என்றாள்.

ஜனவரி 14

அடக்கப் பூசை. ஊர்க் கோயிலை நோர்வேஜியர் எங்களுக்குக் கொடுத்தார்கள். யாக்குப் சுவாமி வந்தார். தொலைபேசியில் குரலைக் கேட்டுப் பெரிய மனிதராக நினைத்திருந்தேன், பார்த்தால் காது சிவந்த மெல்லிய பொடியன் போல இருக்கிறார். கொக்கிசுக்கு அச்சு எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

வந்தது பத்துப் பேருக்குள்தான். ஒல்லாந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. இந்த வடக்கில் முப்பது வருசத்துக்கு மேல் தனியாகக் கார் ஓட்டித் திரிந்த மனிதர். அவருக்கு யார் இருந்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பூசை முடிந்தால் இடியப்பம் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். அந்தக் காரில், அந்த இருட்டில், அதை எங்கே நிறுத்தி வைத்துச் சாப்பிட்டிருப்பார்?

ஜொய்லின் பக்கத்தில் நின்றாள். பூசை முழுக்க என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஜனவரி 16

துறைமுகத்தில் புதிய மீன் வந்திருக்கிறது. பெரிய கொட் ஒன்று வாங்கி வந்தோம். ஜொய்லின் செதிள் எடுத்தாள், நான் வெட்டினேன். அடுப்பில் சோறு. அவள் கையைப் பார்த்தேன், என் கை மாதிரியே கத்தியைப் பிடிக்கிறாள். சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

"பிள்ளை, அப்பா இனி வரமாட்டார்" என்றேன்.

செதிள் எடுப்பது நின்றது.

"தெரியும் அம்மா."

"எப்ப தொடக்கம்?"

"போன வருசம் ஈஸ்டரில இருந்து. கடையில அப்பாவை ஒரு பொம்பிளையோட கண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒவ்வொரு முறையும் முழங்கால் எப்பிடி எண்டு கேட்டீங்கள் அம்மா. நீங்களா நிப்பாட்டுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு வாய் வரேல்லை."

"எனக்கும் தெரியும்தான்" என்றேன். "உனக்கு முதலே தெரியும்."

பிறகு மற்றதையும் சொன்னேன். அலைதடுப்பை, கீழே இருந்த கல்லை, யன்னலை. நடந்ததை நடந்தபடி, எதற்குப் போனேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு மீன் கையோடு வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். என் சட்டை முழுக்கச் செதிள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் அடுப்பில் சோறு பொங்கி வழிந்து சுர்ரென்று சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் விலகவில்லை.